தூங்கெயிற் போரும் கற்போர் கருத்தும்

1. தோற்றுவாய்

ஒரு நூலை ஆராயப் புகுவோர் அந்நூலின் அமைப்பையும் ஆசிரியர் வரலாற்றையும் காலத்தையும் ஆராய்ந்த அளவில் அமைந்துவிடுதல் பெரும்பான்மை. அந்நூலைக் கற்றவர் அதனைப் பற்றி என்ன எண்ணினர் என்பதும் ஆராய்தற்குரிய பொருளே ஆகும். ஒரு கதை பல நூற்றாண்டுகள் வாழ்வது சொன்னவர் திறத்தால் மட்டும் அன்று. கேட்டவர் அதனை உடன்பட்டும் மறுத்தும் தம் காலத்திற்கு ஏற்ப உணர்ந்தும் உரைத்த கருத்துகளாலும் அது வாழ்கின்றது. நம் உரையாசிரியர் யாவரும் முதற்கண் கற்போரே என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இக்கட்டுரை விண்ணிலே நிகழும் போரைக் கூறும் கதையையும், அதனைக் கற்றோர் கொண்ட கருத்துகளையும் ஆராய்கின்றது. இத்தகைய புதினங்கள் 20ஆம் நூற்றாண்டில் மேனாட்டிலே தழைத்தன. தமிழில் அறிவியற் புனைகதை சுஜாதா முதலியோரால் வளர்ந்ததாயினும், விண்மீன்களுக்கிடையே படைகள் பொருதலையே பொருளாகக் கொண்ட புதினம் இங்கே பெருவழக்குப் பெறவில்லை. ஆயினும் விண்ணில் திரியும் மதில்களும், அவற்றை அழிக்கச் சென்ற தேரும், ஒரே கணையில் எழுந்த தீயும் தமிழர்க்குப் புதியன அல்ல. முப்புரம் எரித்த கதையும், தூங்கெயில் எறிந்த சோழன் கதையும் சங்க காலந்தொட்டு வழங்குகின்றன. அவற்றைக் கற்றோர் உரைத்த கருத்துகளோ மிகப் பல.

அக்கதையோடு தொடர்புடைய ஊர் ஒன்று சென்னைக்கு அணித்தே உளது. பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்து மேற்கே சென்றால், பேரம்பாக்கத்தை அடுத்துக் கூவம் என்னும் சிற்றூரைக் காணலாம். சென்னை நகரினூடே ஓடிக் கடலிற் கலக்கும் கூவம் ஆற்றிற்குப் பெயர் தந்த ஊர் அதுவே. அங்குள்ள சிவன்கோயில் திருவிற்கோலம் எனத் தேவாரத்தில் வழங்கும். வில்லேந்திய கோலத்தோடு இறைவன் நின்ற இடம் என்பது அப்பெயரின் பொருள். அவ்வூரிலிருந்து வடகிழக்கே திரும்பினால், நாட்டின் படைக்குக் கவச வண்டிகளை ஆக்கித் தரும் ஆவடியை அடையலாம். பழைய போர்க்கதையின் தேரும் இக்காலப் படையின் தேரும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. அதன் பயன் கட்டுரையின் இறுதியிற் புலனாகும்.

2. இக்காலக் கற்போர் எழுப்பிய வினாக்கள்

பழங்கதைக்குச் செல்லுமுன், இக்காலப் புதினங்களைப் பற்றிக் கற்போர் கொண்ட கருத்து வேறுபாட்டைச் சுருங்கக் காண்போம். இவ்வகைப் புதினத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்பேஸ் ஆபெரா’ என்னும் பெயரே கற்போர் ஒருவரின் இகழ்ச்சியிற் பிறந்தது. அறிவியற் புனைகதைகளில் ஈடுபாடுடையவராய்த் தாமும் எழுத்தாளராக விளங்கிய வில்சன் டக்கர் என்பார், 1941ஆம் ஆண்டில், விண்கலத்தை வைத்துப் புனையப்படும் தேய்ந்த கதைகளை எள்ளி அப்பெயரை இட்டார். இகழ்ச்சியாக இட்ட பெயர் பின்னர் வகைப்பெயராகவே நிலைத்துவிட்டது.

இவ்வகையில் மிகுந்த பூசலை விளைத்த நூல் இராபர்ட் ஹெயின்லைன் 1959இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்னும் புதினம். ஆற்றலூட்டிய கவசம் அணிந்த வீரர்கள் வேற்றுலகிற் சென்று பூச்சி போன்ற உயிர்களோடு பொருவதை அது கூறும். தொண்டு செய்து முடித்தவர்க்கே வாக்குரிமை உண்டு என்னும் அரசமைப்பும் அதிற் கூறப்படுகின்றது. 1960இல் ஹியூகோ பரிசு பெற்ற அந்நூலைக் கற்றோர் இரு திறத்தராயினர். கடமையுணர்வையும் ஈகத்தையும் கற்பிக்கும் நூல் என்றனர் ஒரு சாரார். படையாட்சியையும் போரையும் புகழும் நூல் என்றனர் மற்றொரு சாரார். வியட்நாம் போரிற் புண்பட்டு மீண்ட ஜோ ஹால்டிமன் 1974இல் ‘தி ஃபாரெவர் வார்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். ஒளியின் விரைவை அணுகிச் செல்லும் வீரனுக்குச் சில ஆண்டுகளே கழிய, அவன் பிறந்த உலகில் நூற்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன. மீண்டு வருவோனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட அப்போர் தவறான எண்ணத்தால் தொடங்கியது என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றது. இந்நூல் 1975இல் நெபுலாப் பரிசும் 1976இல் ஹியூகோ பரிசும் பெற்றது. ஹெயின்லைனுக்கு இது மறுமொழி என்றே பலரும் கற்றனர்.

புறத்திணை நெறியறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மண்ணசையால் மேற்செல்லும் படையையும் வீரர் மாண்பையும் கூறும் வஞ்சிக்கும் வாகைக்கும் அணித்தாக நிற்பது முன்னது. தொல்காப்பியர் நிலையாமை மேல் வைத்த காஞ்சியின்பாற் படுவது பின்னது. புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சியை வேறு பொருளில் வழங்குதலின், ஈண்டுத் தொல்காப்பிய நெறியே கொள்ளப்பட்டது.

இவ்விரு நூல்களையும் இவை போல்வனவற்றையும் கற்றோர் எழுப்பிய வினாக்களை நான்காகத் தொகுக்கலாம். கருவிகளைப் பற்றிய புனைவு எத்துணை அளவில் அமைதல் வேண்டும்? பகைவர்க்கும் உயிரும் உள்ளமும் உண்டென்பதை நூல் காட்டுகின்றதா? நூல் போரைப் புகழ்கின்றதா, பழிக்கின்றதா? கதையை உள்ளவாறே கொள்வதா, குறிப்பாகக் கொள்வதா? இந்நான்கு வினாக்களையும் நம் முன்னோர் முப்புரக் கதையை முன்வைத்து எழுப்பி, விடையும் கண்டுள்ளனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

3. கதையும் அதன் இரு வடிவும்

அவுணர் மூவர் பொன், வெள்ளி, இரும்பு என்பவற்றாலாகிய மூன்று கோட்டைகளைப் பெற்றனர். அவை நிலைத்து நில்லாமல் இயங்கும் இயல்பின. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அவை ஒன்றுகூடும் பொழுது ஒரே கணையால் எய்தாலன்றி அவற்றை அழித்தல் இயலாது. மகாபாரதத்துக் கன்ன பருவத்தில் வரும் வரலாறு இது. அவ்விடத்தில் இக்கதை கூறப்படுதற்கு ஒரு நோக்கம் உண்டு. கன்னனுக்குத் தேரோட்டச் சல்லியன் உடன்படவில்லை. சிவபெருமானுக்கு நான்முகனே தேரோட்டினான் என்று எடுத்துக்காட்டி அவனை இசைவிக்கின்றனர். ஆகவே வடமொழி இதிகாசத்திலும் இக்கதை மற்றொரு போர்க்களத்தில், ஒரு கருத்தை நிறுவும் பொருட்டே கூறப்படுகின்றது. கதையைக் கேட்போன் அதனால் ஒரு செயலுக்குத் தூண்டப்படுகின்றான் என்பதும் நோக்கத்தக்கது.

தமிழில் இக்கதையோடு ஒத்த மற்றொரு கதை சோழர் குடியின்மேல் ஏற்றி வழங்குகின்றது. தூங்கெயில் எறிந்த செம்பியன் என்று அச்சோழன் போற்றப்படுகின்றான். தூங்குதல் என்பது ஈண்டு உறங்குதல் அன்று, தொங்குதல். எயில் என்பது மதில். ஆகவே தூங்கெயில் என்பது வானில் தொங்கும் மதில் ஆயிற்று. புறநானூற்றின் 39ஆம் பாட்டும், நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையும், மணிமேகலையும், பழமொழி நானூறும் இச்செய்தியைக் குறிக்கின்றன. அம்மதில் விசும்பின்கண் தொங்கியது என்பதைப் பழமொழி ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. மணிமேகலையின் விழாவறை காதையில் அச்செம்பியனே புகாரில் இந்திர விழாவை 28 நாள் நிகழ்த்த வரம் வேண்டியவனாகக் காணப்படுகின்றான்.

தொல்காப்பியர் அரணை முற்றுதலையும் கொள்ளுதலையும் உழிஞைத் திணையாக வகுத்தார். எனவே இவ்விரு கதைகளும் வானில் நிகழ்ந்த உழிஞைப் போர் எனத்தகும்.

4. சங்கப் புலவர் கண்ட பொருள்

போரைப் புகழ்வதா, பழிப்பதா என்னும் வினாவிற்கு விடையாகச் சங்கப் பாட்டு ஒன்று அமைந்துள்ளது. மதுரை மருதன் இளநாகனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய புறநானூற்று 55ஆம் பாட்டு அது. மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூன்று மதில்களை அழித்த பெருமானின் நெற்றிக்கண் போல, வேந்தருள் மேம்பட்டவன் எனப் பாண்டியனைப் புலவர் முதலில் விளிக்கின்றார். இத்தொடக்கத்தைக் கேட்போர், இனிப் பாண்டியன் படைப் பெருமை தொடரும் என்றே எதிர்பார்ப்பர். புலவரோ வேறு வழியிற் செல்கின்றார். யானையும் குதிரையும் தேரும் மறவரும் ஆகிய நால்வகைப் படையும் சிறந்தனவாயினும், அரசின் வெற்றிக்கு அறநெறியே முதல் என்கின்றார். நம்மவர் என்று அவர் செய்யும் கொடுமையைப் பொறுத்தலும், பிறர் என்று அவர்தம் குணத்தைச் சிதைத்தலும் ஆகா என அறிவுறுத்துகின்றார்.

இப்பாட்டின் சிறப்பை உன்னுதல் வேண்டும். வானில் நிகழ்ந்த போரில் தொடங்கும் பாட்டு, படையை நம்பாதே என்னும் அறிவுரையாக வளர்கின்றது. அப்போர்க்கதையைப் புலவர் இகழவில்லை. அதனை அவையோர் செவியைத் திறக்கும் வாயிலாகப் பயன்படுத்தினார். பகைவர்பாலும் குணம் உண்டு என்னும் எண்ணம், பகைவர் ஊரை எரித்த கதையை எடுத்துக்காட்டிய அதே பாட்டில் இடம்பெறுதல் வியக்கத்தக்கது.

மாறோக்கத்து நப்பசலையார் பாடிய 39ஆம் பாட்டில் இக்கதை ஓர் அளவுகோலாக நிற்கின்றது. தூங்கெயில் எறிந்தோர் வழிவந்த கிள்ளிவளவனுக்குப் பகைவரை அடுதல் தனிப்புகழ் ஆகாது என்கின்றார் புலவர். அவன் முன்னோர் செயல் அத்துணைப் பெரிது. பாலை பாடிய பெருங்கடுங்கோ கலித்தொகையிலோ அப்போர் அகப்பாட்டின் உவமையாகின்றது. முப்புரத்தை வெகுண்ட இறைவன் முகம் போல ஞாயிறு காய்தலால் மலை பிளந்து வழி அடைபட்டது எனத் தோழி கூறித் தலைவனைச் செலவழுங்குவிக்கின்றாள். ஊரை எரித்த தீ, பிரிவுத் துயரை அஞ்சும் ஒருத்தியின் பொருட்டுப் பேசப்படுகின்றது. ஒரே கதையை அறத்திற்கும் புகழுக்கும் அன்பிற்கும் உரியதாகக் கொண்ட அக்காலக் கற்போரின் உரிமையுணர்வு இவற்றால் விளங்கும்.

5. கருவியும் அதன் அளவும்

கருவிப் புனைவில் தோய்ந்தவர் நம்முள்ளும் இருந்தனர். கடுவன் இளவெயினனார் செவ்வேளைப் பாடிய பரிபாடல் 5ஆம் பாட்டில் அப்போரின் கருவிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. நிலவுலகு தேராகின்றது, மறைகள் குதிரைகளாகின்றன, நான்முகன் பாகனாகின்றான், நாகம் நாணாகவும் மலை வில்லாகவும் தீ அம்பாகவும் அமைகின்றன. உலகத்துப் பொருள்களையே ஒரு போர்ப்பொறியின் உறுப்புகளாகக் கோத்த இப்புனைவு, இக்காலப் புதினத்தார் விண்கலத்தை உறுப்புறுப்பாக வருணிக்கும் முறையை நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பரிபாடலில் இப்பொறியின் வருணனை சில அடிகளே. இக்காலப் புதினத்திலோ அது பல பக்கம் விரியும். கற்போர் அலுப்பெய்துவதாகக் கூறும் இடமும் பெரும்பாலும் அதுவே.

பிற்காலத்தில் மாணிக்கவாசகர் இக்கருவிப் பெருமையைத் தலைகீழாக்கினார். திருவாசகத்துத் திருவுந்தியார் மகளிர் உந்தி பறந்தாடும் விளையாட்டுப் பாட்டாக அமைந்தது. அதன்கண் போர் முழுதும் ஓரிரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. வில் வளைந்தது, பூசல் விளைந்தது, முப்புரம் எரிந்தது என்ற அளவே. இரண்டாம் அம்பு என ஒன்று காணப்படவில்லை. எய்த அந்த ஓர் அம்பும் மிகையே என்கின்றார். இறைவன் அடியெடுத்து வைத்த அளவில் தேரின் அச்சு முறிந்தது. அந்நிலையிலும் புரங்கள் அழிந்தன. தேவர் அரிதின் ஆக்கித் தந்த தேர் பயன்படவில்லை; கணையும் வேண்டப்படவில்லை. இறைவன் சிரித்தே புரத்தை எரித்தான் என்று தேவார ஆசிரியர் பலவிடத்தும் பாடுதலும் இதனோடு ஒத்த கருத்தே. கருவியின்மேல் வைத்த வியப்பை நகையால் அடக்கும் இம்முறை, போர்க்கதையைக் கற்றோர் உரைத்த மதிப்புரைகளுள் தலைசிறந்தது எனலாம்.

6. எரிந்தவர் பக்கம்

பகைவர்க்கும் உள்ளம் உண்டு என்பதை நம் மரபு எவ்வாறு எண்ணியது என்பது அடுத்த வினா. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை, முப்புரம் எரிந்த காலை இறைவன் ஆடிய கொடுகொட்டி என்னும் ஆடலைக் குறிக்கின்றது. அதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், அப்பெயரின் காரணத்தை ஆராய்ந்து, தீப்பற்றி எரிதலைக் கண்டும் இரங்காமல் கைகொட்டி ஆடினமையின் அது கொடுங்கொட்டி எனப்பட்டு, கொடுகொட்டி எனத் திரிந்தது என்னும் கருத்தைத் தருகின்றார். இச்சொல்லாராய்ச்சி முற்றும் பொருந்துமோ என்பது வேறு வினா. ஆனால் இறைவன் ஆடலைப் பற்றிய இடத்தில் இரங்காமை என்பதை ஓர் உரையாசிரியர் அஞ்சாது எடுத்துரைத்தார் என்பதே ஈண்டு வேண்டுவது. கற்போரின் கண் எரிந்தவர் பக்கமும் திரும்பியது என்பதற்கு இது சான்று.

சொல்லாற் கூறியதைக் கோட்டால் வரைந்து காட்டியவர் உளர். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்வழியில், நாயக்கர் கால ஓவியத்தின் கீழ் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் வெளிப்படுத்தினார். அவற்றுள் முப்புரம் எரித்த காட்சி ஒன்று. தேர்மேல் வில்லேந்தி நிற்கும் இறைவன் ஒருபுறம். வெகுண்டு எதிர்க்கும் அவுணர் மறுபுறம். அவ்வவுணரை அவர்தம் மகளிர் அச்சத்தோடு பற்றிக்கொண்டு நிற்கின்றனர். படை மிக்க பேரரசன் எடுப்பித்த கோயிலில், வென்றவன் பெருமையை வரையப் புகுந்த ஓவியன், தோற்றவர் வீட்டுப் பெண்டிரின் கலக்கத்தை விடாது வரைந்தான். அவனும் அக்கதையைக் கற்றவனே. அவன் கருத்து அச்சுவரில் நிற்கின்றது.

சுந்தரர் இதனினும் ஒரு படி மேற்சென்றார். திருப்புன்கூர்ப் பதிகத்தில், எரிந்த புரங்களினின்று உய்ந்த மூவருள் இருவரை இறைவன் தன் கோயில் வாயில் காப்போராக ஏவினான் என்றும், மற்றவனைத் தன் ஆடலுக்கு முழவு முழக்க அருளினான் என்றும் பாடுகின்றார். திருவுந்தியாரும் உய்ந்த மூவரைக் குறிக்கின்றது. பகைவர் அடியோடு அழிந்தனர் என்னும் முடிவை அடியார் உள்ளம் ஏற்கவில்லை. முழவு முழக்குவோன் நேற்றைய பகைவன் என்பதை எண்ணும்பொழுது, கொடுகொட்டியின் கொடுமை ஓரளவு தணிகின்றது. பூச்சி போன்ற பகைவரைக் கொன்று குவித்தலோடு அமையும் புதினங்களில் கற்போர் காணும் குறையும், இருதிறத்தாரும் ஒருவரையொருவர் அறிதலில் முடியும் புதினங்களில் அவர் காணும் நிறைவும் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கன.

7. உள்ளவாறு கோடலும் குறிப்பாகக் கோடலும்

நான்காம் வினாவிற்கு விடை தந்தவர் திருமூலர். திருமந்திரம் இரண்டாந் தந்திரத்தில் வீரச்செயல்கள் எட்டையும் கூறுமிடத்து, இறைவன் மூன்று ஊர்களை எரித்தான் என்று கூறுவோரை அறிவிலார் என்று அவர் கடிந்துரைக்கின்றார். முப்புரம் என்பது மும்மலங்களின் விளைவே; ஆணவம், கன்மம், மாயை என்பவற்றை எரித்தலே அச்செயலின் உட்பொருள் என்பது அவர் துணிபு. அக்கதை ஏனையோரால் உள்ளவாறே நம்பிப் பாடப்பட்ட சூழலில், ஒருவர் அதனை இங்ஙனம் மறுத்துரைத்ததும், அம்மறுப்பு திருமுறையுள்ளே இடம்பெற்றதும் நம் கருத்துரிமை மரபிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கதையைப் போற்றிய பதிகங்களும், அதனை உள்ளவாறு கொள்ளுதலைக் கடிந்த திருமந்திரமும் ஒரே தொகுதியில் அருகருகே நிற்கின்றன.

திருமூலர் கடிந்துரைத்தது இக்காலத்திற்கும் வேண்டப்படுகின்றது. தூங்கெயில் என்னும் சொல்லை ஒன்றையே சான்றாகக் கொண்டு, பண்டைத் தமிழர் வானூர்தி செலுத்தினர் என்று கூறுவோர் இன்றும் உளர். ஒரு கற்பனை பழையது என்பது அக்கற்பனையிற் கண்ட பொருளும் பழையது என்பதற்குச் சான்றாகாது. பொறியின் எச்சமோ, அதனை ஆக்கும் முறை கூறும் நூலோ, அதனை ஓட்டியோர் பற்றிய செய்தியோ இன்றி உவமையையும் புகழ்ச்சியையும் வரலாறாக்குதல் ஆராய்ச்சி நெறி அன்று. தமிழர்க்குப் பெருமை சேர்ப்பது அவர் பறந்தனர் என்பது அன்று. பறக்கும் மதிலைக் கற்பித்த அவரே அதனை எரித்தலின் அறத்தையும் ஆராய்ந்தனர் என்பதே.

ஆயினும் குறிப்புப் பொருள் ஒன்றையே கொண்டு கதையின் போரை முற்றும் மறத்தலும் குறையே. மும்மலம் என்று கூறிய அளவில், எரிந்த ஊரின் மகளிரைப் பற்றிய எண்ணம் அற்றுப்போதலும் கூடும். தஞ்சை ஓவியமும் திருமந்திரமும் ஒன்றையொன்று நிரப்புவன. ஒன்று போரின் துன்பத்தைக் காட்டும். மற்றொன்று போர் எங்கே தொடங்குகின்றது என்பதைக் காட்டும்.

8. கூவமும் ஆவடியும்

இனி, தொடக்கத்திற் குறித்த ஊர்களுக்கு மீள்வோம். முப்புரம் எரித்த வீரட்டம் திருவதிகை என்பது பெருவழக்கு. தொண்டை நாட்டில் அச்சிறுபாக்கமும் கூவமும், இறைவன் தேர் பழுதுற்ற இடங்களாகத் தலவரலாறுகளிற் கூறப்படுகின்றன. தேரின் உறுப்பாகிய கூவரம் முறிந்தமையின் கூவம் எனப் பெயர் எய்தியது என்பர். கூவல், கூவம் என்பன கிணற்றைக் குறிக்கும் பழஞ்சொற்களாதலின், நீர்நிலையாற் பெற்ற பெயர்க்குப் பின்னர்க் கதை இயைக்கப்பட்டது எனக் கொள்ளுதலே பொருத்தம். எனினும் மக்கள் தம் ஊர்க்குத் தேர்ந்துகொண்ட நிகழ்ச்சி எது என்பது நோக்கத்தக்கது. எரித்த வெற்றியை அன்று, தேர் முறிந்த தடையையே அவர்கள் தம் ஊரின்மேல் ஏற்றினர். ஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உளது.

இவ்வூர் இறைவன் திருமேனி மழை மிகும் காலத்து வெண்ணிறமும், போர் நிகழும் காலத்துச் செந்நிறமும் கொள்ளும் என்பது அங்கு வழங்கும் நம்பிக்கை. இதன் உண்மையை ஆராய்தல் நம் நோக்கம் அன்று. வில்லேந்திய இறைவனை வழிபடும் மக்கள், போரை வெள்ளத்தோடு ஒருங்கு வைத்து, முன்னறிந்து அஞ்சத்தக்கதாகக் கருதினர் என்பதே இதனாற் பெறப்படுவது.

அவர்கள் அங்ஙனம் கருதியதற்கு நிலவரலாறும் துணை நிற்கின்றது. 1780ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கர்னல் பெய்லியின் படை பேரம்பாக்கத்தில் தங்கியிருந்தபொழுது திப்பு அதனைத் தாக்கினான். சில நாள் கழித்து, 10ஆம் நாள், பொள்ளிலூரில் ஐதரும் திப்புவும் அப்படையை அழித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை அத்தோல்விக்கு ஒரு காரணம். வாணம் எனப்படும் எரிகணைகளும் மைசூர்ப் படையின் கருவிகளுள் ஒன்றாக இருந்தன. வானினின்று விழும் தீயைக் கதையிற் கேட்ட வட்டாரம், அதனைக் கண்ணாலும் கண்டது.

ஆவடியின் செய்தி இக்காலத்தது. அங்கே கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. அதன் முதற் கவச வண்டியாகிய விஜயந்தா 1965இல் வெளிவந்தது. பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்னும் பெயர் தாங்கிய வண்டிகள் அங்கு உருவாயின. 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகள் திருத்தியமைக்கப்பட்ட பொழுது, கவச ஊர்திகளுக்குரிய நிறுவனத்தின் தலைமையிடமும் ஆவடியிலேயே அமைந்தது. இப்பெயர்களுட் பீஷ்மனும் அர்ஜுனனும் இதிகாசத்தார் என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். இக்காலப் பொறியும் பழங்கதையின் பெயரையே நாடுகின்றது. பெயரைக் கொள்வோர் கதையின் வெற்றியை மட்டும் கொள்கின்றனரோ, அதனைக் கற்றோர் உரைத்த கருத்துகளையும் கொள்கின்றனரோ என்பதே வினா. அர்ஜுனன் களத்தில் வில்லை நெகிழவிட்டுக் கலங்கினான் என்பதும், பீஷ்மன் அம்புப் படுக்கையிற் கிடந்து அறம் உரைத்தான் என்பதும் அப்பெயர்களோடு சேர்ந்தே வருவன.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. விண்ணகப் போர்க்கதை தமிழில் மிகப் பழையது. அதனைக் கற்றோர் கருத்தும் அக்கதையளவே பழையது. கருவியை வியத்தல் பரிபாடலிலும், அவ்வியப்பை நகையாடல் திருவாசகத்திலும், அறத்தின்கண் அதனை ஆற்றுப்படுத்தல் புறநானூற்றிலும், எரிந்தவர்க்கு நேர்ந்ததை நினைத்தல் அடியார்க்குநல்லார் உரையிலும் தஞ்சை ஓவியத்திலும், பகைவரை உய்யக்கோடல் சுந்தரர் பதிகத்திலும், உட்பொருள் காண்டல் திருமந்திரத்திலும் அமைந்துள்ளன. இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. கதையும் அதனை மறுத்த கருத்தும் ஒருங்கே போற்றப்பட்டன.

இக்காலப் புதினங்களைப் பற்றிக் கற்போர் கூறும் கருத்துகளைத் தொகுத்து ஆராய விரும்பும் மாணவர், அவற்றை நன்று, தீது என இரு கூறாக்கி எண்ணிக்கை காட்டுதலோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கருத்தும் மேற்கூறிய நிலைகளுள் எதன்பாற் படும் என வகுத்துக் காணின், புதினத்தின் தன்மையோடு கற்போரின் உள்ளமும் புலப்படும். கருவி வியப்பில் மட்டும் நிற்கும் கருத்துகள் மிக்கிருப்பின், அது நூலின் குறையா, கற்போர் குறையா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்குரிய அளவுகோலை அயல்நாட்டில் தேட வேண்டுவதில்லை.

படைக்கலம் ஆக்குவோர் தம் தொழிலைச் செய்வர். நாட்டைக் காத்தற்கு அதுவும் வேண்டும். ஆனால் போரைப் பற்றிய கதையை எவ்வாறு கற்பது என்பது கற்போர் கையில் உளது. ஒரு கணையையும் மிகை என்று பாடிய மொழியிற் கல்வி பெற்றோர், ஆயிரம் கணைகளை எண்ணி மகிழ்தலோடு அமைதல் ஆகாது. பூந்தமல்லி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் கூவத்தில் சிறிது நின்று, வெற்றியின் இடமாக அன்றித் தேர் முறிந்த இடமாகத் தம் ஊரை நினைந்த மக்களின் கருத்தையும் எண்ணிப் பார்ப்பாராக.